சரியான கடவுச்சொல்லை மட்டும் சோதித்தோம்: ஒரு சர்வரின் நுழைவு அமைப்பில் நடந்த தவறு பற்றிய நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் இருக்கும் ஒரு நடுத்தர பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் நடந்தது இது. நிறுவனத்தின் பெயரும் அங்கே வேலை செய்பவர்களின் பெயரும் இங்கே வராது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரை ‘நிர்வாகி’ என்றும் கணக்குப் பிரிவில் பல வருடங்களாக இருக்கும் அம்மாவை ‘கணக்காளர்’ என்றும் சொல்கிறேன். நான் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு தேவைப்படும்போது உதவி செய்பவன். இதில் என் பங்கும் இருக்கிறது. அது எங்கே என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

கணக்கறைக்குப் பக்கத்து அறையில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை) ஓடும் ஒரே ஒரு சர்வர். அதில் 38 பயனர் கணக்குகள். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் தன் கணினியிலிருந்து புட்டி என்ற மென்பொருள் வழியாக சர்வருக்குள் நுழைந்து பீஸ் ரேட் (ஒரு துணிக்கு இவ்வளவு என்ற கூலி) கணக்கை ஏற்றுவார். சனிக்கிழமை மாலை அதை வைத்துத்தான் வாரச் சம்பளம் போடுவார்கள். டிசைன் படங்களும் ஆர்டர் தாள்களும் அதே சர்வரில் சம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகப் பகிரப்பட்டிருந்தன. புட்டி பயன்படுத்தும் தொலைநுழைவு முறையான எஸ்எஸ்எச் வழியாக வெளி இணையத்திலிருந்து வர வழி கிடையாது. ஆனால் அலுவலக வைஃபை ஒன்றுதான். வருகிற பையர் (ஆடை வாங்கும் நிறுவனம்) ஆட்களும் அதையே பயன்படுத்துவார்கள்.

வெளிநாட்டு பையர் ஒருவரின் ஆடிட் திங்கட்கிழமை. முன்கூட்டி வந்த பட்டியலில் ஒரு வரி: ஐந்து முறை தவறான கடவுச்சொல் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ள வேண்டும். அதைச் செய்ய நிர்வாகிக்குக் கிடைத்த நேரம் சனிக்கிழமை மதியம்.

அந்த ஐந்து என்ற எண் எல்லா இடத்துக்கும் பொதுவான விதி இல்லை. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 800-63பி ஆவணம், ஒரு கணக்கில் தொடர்ச்சியான தவறுகள் 100-ஐத் தாண்டக்கூடாது என்றுதான் உச்சவரம்பு வைக்கிறது. எண் ரொம்பச் சின்னதாக இருந்தால், வேண்டாத ஒருவர் ஐந்து முறை தட்டிவிட்டு இன்னொருவரின் வேலையை நிறுத்திவிட முடியும். இதை ஆடிட்டரிடம் பேசிப் பார்த்திருக்கலாம். பேசவில்லை, பட்டியலில் இருப்பதைச் செய்து முடிப்பதே நோக்கமாக இருந்தது.

பாம் எப்படி வேலை செய்கிறது

லினக்ஸில் யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் அடுக்கின் பெயர் பாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பிறந்து 1995-இல் வெளியான யோசனை இது. எஸ்எஸ்எச், நிர்வாக அதிகாரத்தோடு கட்டளை இட உதவும் சூடோ, திரையில் வரும் லாகின் என எல்லாமே ‘இவரை நம்பலாமா’ என்று பாமிடம் கேட்கும். உபுண்டுவில் அதற்கான பொதுப் பட்டியல் காமன்-ஆத் என்ற கோப்பில் இருக்கிறது. அதன் முக்கியமான மூன்று வரிகளை இப்படிப் படிக்கலாம்:

முதல் வரி பாம்_யூனிக்ஸ். கடவுச்சொல் சரிதானா என்று பார்க்கும். சரி என்றால் ‘சக்சஸ்=1’, அதாவது அடுத்த ஒரு வரியைத் தாண்டிக் குதி. தவறு என்றால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போ.

இரண்டாவது வரி பாம்_டினை. இங்கே வந்து சேர்ந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்பும்.

மூன்றாவது வரி பாம்_பெர்மிட். இங்கே வந்து சேர்ந்தவர்களை எதுவும் கேட்காமல் விடும்.

சரியான கடவுச்சொல் போட்டவர் டினையைத் தாண்டி பெர்மிட்டில் இறங்குகிறார். தவறாகப் போட்டவர் டினையில் மாட்டுகிறார். எல்லாம் அந்த ‘1’ என்ற எண்ணில்தான் நிற்கிறது. அதற்கும் டினைக்கும் நடுவே ஒரு வரி கூடிவிட்டால் குதிக்கும் இடம் மாறிவிடும். இன்னொன்று, பாம் இந்தக் கோப்பை ஒவ்வொரு லாகினிலும் புதிதாகப் படிக்கும். சேமித்த நொடியிலிருந்து மாற்றம் அமலுக்கு வரும். எதையும் ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை.

சனிக்கிழமை: என்ன நடந்தது

பகல் 12.40-க்கு நிர்வாகி காமன்-ஆத் கோப்பைத் திறந்தார். பூட்டும் வேலையைச் செய்வது பாம்_ஃபெயில்லாக். தவறுகளை எண்ணச் சொல்லும் அதன் வரியை பாம்_யூனிக்ஸுக்குக் கீழே, டினைக்கு மேலே சேர்த்தார். ‘சக்சஸ்=1’ அப்படியே இருந்தது. கோப்பின் பழைய நகல் எடுக்கவில்லை. சேமித்துவிட்டு, புதிதாக நுழைந்து பார்ப்பதற்காகத் திறந்திருந்த புட்டி சாளரத்தை மூடினார். சர்வரில் அவருக்கு இருந்த கடைசி நிர்வாக அதிகாரம் அந்தச் சாளரத்தோடு போனது.

அப்போதிருந்து சரியான கடவுச்சொல் போட்டவர் புது வரியைத் தாண்டி டினையில் இறங்கினார். தவறாகப் போட்டவர் புது வரியிலேயே நின்றுபோனார். ஆக யாருக்கும் வழி இல்லை.

ஆனால் இது உடனே வெளியே தெரியவில்லை. ஏற்கனவே உள்ளே இருந்தவர்களின் சாளரங்கள் தொடர்ந்து வேலை செய்தன. சம்பா தன் கடவுச்சொற்களைத் தனியாக வைத்திருப்பதால் பகிர்ந்த கோப்புகளும் திறந்தன. இரவுநேர பேக்கப், கடவுச்சொல்லுக்குப் பதிலாக சாவி எனப்படும் ரகசியக் கோப்பு மூலம் நுழைவது. சாவியோடு வருபவரிடம் இந்தப் பட்டியல் கடவுச்சொல் கேட்பதில்லை, அதனால் அதுவும் தடைபடவில்லை. நிர்வாகி மட்டும் வெளியே நின்றார். சாப்பாட்டு நேரம் முடிந்து 2.10-க்குப் பிரிவுகளிலிருந்து ஒவ்வொருவராகப் போன் செய்ய ஆரம்பித்தார்கள்.

முதல் தவறான முடிவு

நிர்வாகி தன் கடவுச்சொல்லை ஏழெட்டு முறை போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மறுப்பு. சேர்த்தது பூட்டும் விதி என்பதால், “விதி வேலை செய்யுது, என் கணக்கு பூட்டிக்கிச்சு” என்று நினைத்துவிட்டார். ஃபெயில்லாக் இயல்பாகவே 600 விநாடி கழித்துத் திறந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் எல்லோரிடமும் பத்து நிமிஷம் பொறுக்கச் சொன்னார். பத்து நிமிஷம் ஆனது. மறுபடி பத்து நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படியே போனது.

உண்மையில் அந்தக் கோப்பு யாரையும் பூட்டியிருக்கவே முடியாது. கணக்கு பூட்டப்பட்டிருக்கிறதா என்று முன்னாலேயே பார்க்கும் ஃபெயில்லாக் வரி எங்குமே சேர்க்கப்படவில்லை. எண்ணும் வரி மட்டும்தான் இருந்தது. ஒரு மாற்றம் செய்த உடனே கோளாறு வந்தால், அந்த மாற்றத்தின் பெயரை வைத்தே கோளாறைப் புரிந்துகொள்ளத் தோன்றும். இங்கே நடந்ததும் அதுதான். நுழைவு முயற்சிகளை சர்வர் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பைப் படிக்க முடிந்திருந்தால் இரண்டே நிமிஷத்தில் தெரிந்திருக்கும். எஸ்எஸ்எச் தரப்பில் ‘கடவுச்சொல் தோல்வி’ என்று வரி வரியாக இருந்தது. ஆனால் அவர் சரியாகப் போட்ட ஒரு முயற்சிக்குக்கூட பாம்_யூனிக்ஸ் தோல்வி எழுதவில்லை. அதாவது அதைப் பொறுத்தவரை கடவுச்சொல் சரி, தடுத்தது வேறொன்று. அந்தப் பதிவைப் பார்க்கவும் சூடோ வேண்டும், அந்த வழியும் அடைபட்டிருந்தது.

3.30-க்கு எனக்குப் போன் வந்தது. “அண்ணா, யாருமே உள்ள போக முடியலீங்க. சம்பளம் போடணும்.”

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், சாவி வைத்து நுழையக்கூடிய கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பேக்கப் கணக்கு மட்டும்தான் இருந்தது, அதற்கு நிர்வாக அதிகாரம் இல்லை. மிச்சம் இருந்த வழி சர்வரை மறுபடி துவக்கி, துவக்கத்தின்போது முதலில் வரும் கிரப் திரையில் துவக்க வரியின் முடிவில் நேரடியாக பாஷ் (கட்டளைகளைத் தட்டும் திரை) வரும்படி மாற்றி, வட்டை எழுதும் நிலைக்குக் கொண்டுவந்து கோப்பைத் திருத்துவது. அங்கே பாம் குறுக்கே வராது.

மறுபடி துவக்கினால் திறந்திருந்த எல்லாச் சாளரமும் போய்விடும். கணக்காளரின் சாளரம் மட்டும் காலையிலிருந்து திறந்தே இருந்தது; சம்பளக் கணக்கில் பாதி அதில். அதனால் அவர் முதலில் அதுவரை ஏறிய பதிவேட்டைச் சேமித்து முழுவதையும் அச்செடுக்கட்டும், அப்புறம் துவக்கலாம் என்று முடிவு செய்தோம். இருபது நிமிஷம் கூடுதலாகப் பிடித்தது. அந்த நாளில் நாங்கள் எடுத்த நல்ல முடிவு இது என்று இப்போதும் நினைக்கிறேன். அந்த அச்சுத் தாள்கள் பிறகு நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில் உதவின.

சர்வரில் திரை கிடையாது. ஒரு பிரிவிலிருந்து மானிட்டரையும் கேபிளையும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். நான் சொல்லச் சொல்ல நிர்வாகி பாஷ் வரை சரியாகவே வந்துவிட்டார். அந்த அறையில் சிக்னல் சரியில்லை. “சேர்த்த வரியை எடுத்துவிடுங்கள்” என்று நான் சொல்லும்போதே லைன் அறுந்தது.

அவர் அந்த வரியை எடுத்தார். அதோடு நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் கோப்பு முன்பு எப்படி இருந்தது என்று ஒப்பிட நகல் இல்லை. வேறு எதையாவது தெரியாமல் மாற்றிவிட்டோமோ என்ற பயம். வெளியே டைலர்கள் சம்பளத்துக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்குப் போன் செய்வதற்கு முன்னால் எங்கோ படித்த ஒரு ‘அவசர வழி’ நினைவுக்கு வந்திருக்கிறது: கோப்பின் முதல் வரியாக பாம்_பெர்மிட்டை ‘சஃபிஷியன்ட்’ என்று போடுவது. இந்த ஒரு வரி போதும், மேற்கொண்டு பார்க்க வேண்டாம் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்த்து எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அதைச் சேர்த்தார்.

4.50-க்கு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். எனக்குப் போன் வந்தது: “சரியாப் போச்சுங்கண்ணா.” நான் கேட்டது ஒரே கேள்வி: “எல்லாராலும் உள்ளே போக முடிகிறதா?” முடிகிறது என்றார். சரி என்று வைத்துவிட்டேன். தவறான கடவுச்சொல் போட்டுப் பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இந்த நிகழ்வில் என்னுடைய பிழை அதுதான். சின்னப் பிழை என்று நான் நினைக்கவில்லை.

நாற்பது மணி நேரம்

அந்த முதல் வரி இருந்தவரை பாம் யாரிடமும் எதையும் சரிபார்க்கவில்லை. பயனர் பெயர் தெரிந்தால் போதும், என்ன கடவுச்சொல் போட்டாலும் உள்ளே விடும். பிரிவுகளின் பயனர் பெயர்களோ கட்டிங், பேக்கிங் என்று யாரும் ஊகிக்கக்கூடியவை.

வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. புட்டி எப்போதும் போல கடவுச்சொல் கேட்டது, எல்லோரும் எப்போதும் போலப் போட்டார்கள், திறந்தது. ஒரே ஒரு அறிகுறி சூடோவில் இருந்தது. அது கடவுச்சொல் கேட்பதையே நிறுத்திவிட்டது. நிர்வாகி சனிக்கிழமை மாலையே அதைக் கவனித்திருக்கிறார். சூடோ ஒருமுறை கேட்டால் பதினைந்து நிமிஷத்துக்கு மறுபடி கேட்காது என்ற பழக்கத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போய்விட்டார்.

அடைத்துக்கொண்ட கதவைப் பற்றி எல்லோரும் சத்தம் போடுவார்கள். திறந்து கிடக்கும் கதவைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரத்தில் இருபது போன் வந்தது. அதன்பிறகு நாற்பது மணி நேரம் ஒரு போன்கூட வரவில்லை.

திங்கட்கிழமை காலை

9.20-க்கு கணக்காளர் நிர்வாகியைக் கூப்பிட்டார். போன வாரம்தான் அவர் கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். கைப்பழக்கத்தில் பழையதைப் போட்டுவிட்டு, மறுப்பு வரும் என்று காத்திருந்தவருக்கு மெனு வந்துவிட்டது. “ஏனுங் தம்பி, பழைய பாஸ்வேர்டப் போட்டாலும் உள்ள விடுதே?”

இன்னொருவராக இருந்தால் வேலை நடந்தால் சரி என்று விட்டிருப்பார். அவர் விடவில்லை, கேட்டார். நிர்வாகி உடனே அவருடைய கணினியிலேயே வாய்க்கு வந்த எழுத்துகளைத் தட்டிப் பார்த்தார். உள்ளே விட்டது. இந்த முறை இரண்டு நிர்வாகச் சாளரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கோப்புக்கு நகல் எடுத்து, முதல் வரியை நீக்கினார். சரியானதற்குத் திறக்கிறதா, தவறானதற்கு மறுக்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். எதையும் மறைக்காமல் சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

பிறகு முதலாளியிடம் சொன்னோம். ஆடிட்டர் 11 மணிக்கு வரப்போகிற நேரத்தில் இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. பூட்டும் விதி இன்னும் போடப்படவில்லை, போட முயன்றபோது ஒரு தவறு நடந்தது, திருத்திவிட்டோம், இன்ன தேதிக்குள் முறையாகப் போடுகிறோம் என்று எழுத்தில் கொடுப்பது என்று முதலாளியே முடிவெடுத்தார். ஆடிட்டர் அதைக் குறித்துக்கொண்டு, மறுபார்வைக்கு ஒரு நாள் கொடுத்துவிட்டுப் போனார்.

நாற்பது மணி நேரத்தில் யாராவது தவறாக நுழைந்தார்களா

பதிவுக் கோப்பில் எல்லா நுழைவுகளும் இருந்தன. எல்லா முகவரிகளும் அலுவலகத்துக்குள் இருப்பவை. வைஃபையிலிருந்து வந்த ஒன்று மட்டும் புரியவில்லை. விசாரித்ததில் முதலாளியின் மடிக்கணினி.

ஆனால் இதை வைத்துக்கொண்டு நிம்மதி அடைய முடியாது. ‘இன்னாருக்குக் கடவுச்சொல் ஏற்கப்பட்டது’ என்று பதிவு சொன்னால், சாதாரண நாளில் அது இன்னார்தான் என்று ஓரளவு நம்பலாம். அந்த நாற்பது மணி நேரத்தில் அந்த வரிக்கு ‘யாரோ ஒருவர் இந்தப் பெயரைத் தட்டினார்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. எந்தக் கணினி என்று தெரியும். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று பதிவுக்குத் தெரியாது.

அதனால் யாரும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளாமல், வந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்தோம். 38 கணக்குகளின் கடவுச்சொல்லும் மாற்றப்பட்டது. பேக்கப் சாவி புதிதாக உருவாக்கப்பட்டது. புதிய பயனர்கள், சூடோ பட்டியல், நேரம் குறித்து ஓடும் வேலைகள், அனுமதிக்கப்பட்ட சாவிகள் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை பேக்கப்போடு ஒப்பிட்டோம். எதுவும் மாறியிருக்கவில்லை. கடைசியாகச் சம்பளப் பதிவேடு. அதை எதோடு ஒப்பிடுவது? சனிக்கிழமை துவக்குவதற்கு முன் கணக்காளர் எடுத்த அச்சுத் தாள்கள் கைவசம் இருந்தன. அதற்கு அப்புறம் ஏறிய பதிவுகளைப் பிரிவுகளின் கைச்சீட்டுகளோடு சேர்த்துப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார்; கணக்கு ஒத்துப்போனது.

பூட்டும் விதியை மறுபடி போட்டது

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போட்டோம். அதற்கு முன் அதே உபுண்டு பதிப்பில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இரண்டு நாள் சோதித்தோம்.

கோப்பைக் கையால் திருத்தவில்லை. காமன்-ஆத் கோப்பை உருவாக்கித் தருவது பாம்-ஆத்-அப்டேட் என்ற கருவி. நமக்கு வேண்டிய வரிகளைத் தனி விவரக் கோப்பாக எழுதிக் கொடுத்தால் அது இடம் பார்த்துச் சேர்த்துவிடும். எத்தனை வரி தாண்ட வேண்டும் என்ற எண்ணையும் அதுவே கணக்கிட்டுப் போடும். விவரக் கோப்பில் நாம் ‘முடிவுக்குப் போ’ என்று மட்டும் எழுதினால் போதும். கருவி உருவாக்கியதைத் திறந்து பார்த்தபோது, சனிக்கிழமை ‘1’ என்று இருந்த இடத்தில் ‘2’ என்று இருந்தது. வேண்டியிருந்தது அந்த ஒரு இலக்க மாற்றம்தான். பூட்டியிருக்கிறதா என்று முன்னால் பார்க்கும் வரி மேலே வந்தது. சரியாக நுழைந்ததும் எண்ணிக்கையை அழிக்கும் வரி காமன்-அக்கவுண்ட் கோப்பில் சேர்ந்தது.

பழைய குறிப்புகளில் டேலி2 என்ற மாட்யூலை (பாம்_ஃபெயில்லாக் போல பாமின் ஒரு துணை நிரல்) இதற்குச் சொல்வார்கள். உபுண்டு 22.04-இல் அது கிடையாது. இல்லாத மாட்யூலை ‘ரிக்வயர்டு’, அதாவது கட்டாயம், என்று எழுதினால் பாம் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும். அதுவும் எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும். 20.04-இலிருந்து மேம்படுத்துபவர்கள் இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

மாற்றத்தின்போது இரண்டு நிர்வாகச் சாளரங்கள் கடைசி வரை திறந்திருந்தன. பதினைந்து நிமிஷத்தில் பழைய கோப்புகள் தானாகத் திரும்பி வரும்படி ஒரு நேர வேலையை முன்பே போட்டு வைத்தோம். சோதனை முடிந்த பிறகுதான் அதை ரத்து செய்தோம். சோதனையில் சரியான கடவுச்சொல், தவறான கடவுச்சொல், ஐந்து தவறுக்குப் பின் சரியானது, பூட்டை நீக்கிய பின் சரியானது, இவை ஒவ்வொன்றையும் எஸ்எஸ்எச், சூடோ, நேரடித் திரை மூன்றிலும் பார்த்தோம். தவறானதற்கு மறுப்பு வந்தால்தான் சோதனை தேறியது என்று தாளில் எழுதி வைத்திருந்தோம்.

இப்போது மாறியிருப்பவை

சர்வர் அறையில் ஒரு சின்ன மானிட்டரும் கேபிளும் நிரந்தரமாக இருக்கின்றன. கிரப் வழியாக மீட்கும் படிகள் தமிழில் அச்சாகிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. லேண்ட்லைன் போனின் நீட்டிப்பு ஒன்றும் அந்த அறைக்கு வந்துவிட்டது. விருந்தினர் வைஃபை தனியாகப் பிரிக்கப்பட்டது. நுழைவு அமைப்பில் கை வைக்கும் வேலை சனிக்கிழமையிலோ ஆடிட்டுக்கு முந்தைய மூன்று நாளிலோ நடக்காது.

இன்னும் செய்யாத ஒன்று உண்டு. பிரிவுக்கு ஒரு கணக்கு என்பதை ஆளுக்கு ஒரு கணக்காக மாற்ற வேண்டும். ஷிப்ட் மாறும்போது ஒரே கடவுச்சொல் மூன்று பேர் கையில் புழங்குகிறது. அது அப்படியே இருக்கும்வரை பூட்டும் விதியால் பாதிப் பயன்தான். நிர்வாகி அதற்கான பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.

மாற்றம் செய்கிற நாளில் தவறான கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்து, மறுப்பு வந்ததென்று தாளில் கையெழுத்துப் போடும் வேலையைக் கணக்காளர் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கையெழுத்து விழும்வரை நிர்வாகியின் இரண்டு சாளரங்களும் மூடப்படுவதில்லை.